ஒரு தொன் தண்ணீருக்கு ஒரு மேசை

என் வயதுக்காரரே, பத்துப் பன்னிரண்டு வயதில் தாய் தகப்பனுக்குப் பின்னால் சூட்கேஸ் இழுத்துக்கொண்டு நியூசிலாந்தின் ஓக்லாந்தில் வந்து இறங்கினவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கும் இப்போது தலையில் நரையும் காலில் நோவும் வந்திருக்கும். நான் படித்தது குறைவு. மன்னாரில் ஐந்தாம் வகுப்பு, இங்கே வந்து பாதி விளங்கிப் பாதி விளங்காமல் சில வருடம், பிறகு வேலை, கலியாணம், பிள்ளைகள். ஆண்டவர் எதிலும் குறை வைக்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்து தேத்தண்ணியோடு நின்று கதைக்கிற மாதிரி எழுதுகிறேன். அப்படியே வாசியுங்கள்.

லின்ஃபீல்டில் நாங்கள் முதலில் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒரு மேசை இருந்தது. சாப்பாட்டு மேசை இல்லை. ஆறடி நீளமான மீன்தொட்டியை வைக்கிறதுக்கென்று மாமா கணக்குப் போட்டு, அப்பா மரம் அறுத்து, இரண்டு பேரும் மூன்று சனிக்கிழமை மினக்கெட்டுச் செய்த மேசை. பிறகு வீடு மாறின நேரம் அது புது வீட்டு வாசலால் உள்ளே வரமாட்டேன் என்று நின்றது. அப்பா அழாக்குறையாக வாளால் அறுத்துத் துண்டாக்கினார். இப்போது அதில் ஒரு குச்சிகூட எங்களிடம் இல்லை. ஆனால் மழையில் நனைந்து ஹீட்டர் பக்கத்தில் காய்ந்த பைன் மரத்தின் வாசம் இருக்கிறதே, கடையில் பலகை அடுக்கின பக்கம் போனால் இப்பவும் அது வந்து நெஞ்சில் இடிக்கும்.

மாமா என்றது அம்மாவின் தம்பி. ஊரில் பாலமும் மதகும் கட்டுவித்த எஞ்சினியர். எங்களுக்கு ஒரு வருடம் பிந்தி வந்து எங்களோடேயே இருந்தார். வந்த நாளில் இருந்து ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்தார். ஒரு நாள் அது வந்தது. அவருடைய படிப்பு இந்த நாட்டில் செல்லாது, வேண்டுமென்றால் முதலில் இருந்து படியுங்கள் என்று நல்ல மரியாதையான இங்கிலிஷில் எழுதியிருந்தது. மாமா இரண்டு தரம் வாசித்தார், மடித்தார், அடுத்த கிழமை அப்பாவோடு விரி என்கிற தொழிற்பேட்டைப் பக்கம் போய் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கத் தொடங்கினார். அதோடு பேச்சு நின்றது. கோபமும் இல்லை, சத்தமும் இல்லை. கேட்டால் "ஓம்", கேட்டால் "இல்லை". சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைத்துவிட்டு யன்னலடியில் போய் இருப்பார். இருந்துகொண்டு வெளியே எதையும் பார்க்கவும் மாட்டார்.

அம்மா ஒவ்வொரு நாள் பின்னேரமும் எங்களை முழங்காலில் வைத்துச் செபமாலை சொல்லுவா. முடிவில் கொஞ்சம் சத்தமாக, "என்ர தம்பியை எழுப்பிவிடும் ஆண்டவரே" என்பா. யன்னலடிக்குக் கேட்கட்டும் என்றுதான்.

அந்த வருடம் ஓயாத மழை. யூலை மாதம் என்று நினைக்கிறேன். பக்கத்து வீட்டில் தனியே இருந்த வெள்ளைக்காரக் கிழவர், தெற்குத் தீவில் இருக்கிற மகளோடு போய் இருக்கப்போகிறார் என்று வேலிக்கு மேலால் சொன்னார். எங்களுக்கு எலுமிச்சம்பழம் பிடுங்கித் தருகிற நல்ல மனிதர். அவரிடம் ஏழு தங்கமீன் இருந்தது. அவற்றையும் தொட்டியையும் எடுப்பீர்களா என்று அப்பாவைக் கேட்டார். அப்பாவுக்கு யாராவது மரியாதையாக ஏதும் கேட்டால் "யெஸ், யெஸ்" என்றுதான் வாயில் வரும்.

"மீன் வருது," என்றார் உள்ளே வந்து.

"என்ன மீன்? பாரையோ?"

"உயிர் மீன். வளர்க்கிறதுக்கு."

"மன்னாரில பிறந்தவளை மீன் வளர்க்கச் சொல்லுறீங்கள். எவ்வளவு பெரிசு?"

அப்பா உள்ளங்கையை விரித்துக் காட்டினார்.

"பொரிக்கலாம்," என்றா அம்மா.

போய்ப் பார்த்தோம். கிழவரின் கராஜில் சீமெந்துக் கல் அடுக்கி அதன்மேல் அந்தத் தொட்டி இருந்தது. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். உள்ளே பச்சை வெளிச்சம். மீன்கள் எங்களைக் கண்டதும் சாப்பாடு என்று நினைத்து வாயைத் திறந்து திறந்து மூடின. "வீட்டுக்குள் வைக்கிறதென்றால் நல்ல உறுதியான ஒரு ஸ்டாண்ட் வேணும்," என்றார் கிழவர். எங்களிடம் கராஜ் இல்லை, காருக்கு மேலே ஒரு கூரை மட்டும்தான். அதனால் தொட்டி முன்னறை ஹோலுக்குள்தான் வரவேண்டும்.

திரும்பி வரும்போது அம்மா மெல்லமாக அப்பாவிடம் சொன்னதை எலுமிச்சம்பழப் பையோடு பின்னால் வந்த நான் கேட்டேன்.

"அந்த ஸ்டாண்டை இவனைக் கொண்டு செய்வியுங்கோ."

"அவன் எங்க எழும்பப்போறான்?"

"தனக்கு இன்னும் கணக்கு வரும் எண்டு அவனுக்கே தெரியவேணும். இது சரிவந்தா அவன் எழும்புவான் பாருங்கோ."

மீனுக்காக மட்டும் இது நடக்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

அப்பா நேரே கேட்கவில்லை. சாப்பிடும்போது பொதுவில் சொன்னார். "நாலு பலட்டை ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கினாப் போதும். தொட்டி இருக்கும்." பலட் என்றது கிடங்கில் பெட்டி அடுக்குகிற மரத் தட்டு; அப்பா உடைந்த பலட் திருத்துகிறவர். அவருக்கு உலகத்தில் எல்லாம் பலட்.

யன்னலடியில் கதிரை அசைந்தது.

"அத்தான், அதுக்குள்ள எவ்வளவு தண்ணி பிடிக்கும் எண்டு தெரியுமோ?"

"ஒரு பீப்பா."

"மூண்டு பீப்பாவுக்கு மேல. கண்ணாடி, கல்லு எல்லாம் சேத்தா ஒரு தொன் வரும், ஆயிரம் கிலோ. உங்கட காரைத் தூக்கி அந்தப் பலட்டுக்கு மேல வையுங்கோ பாப்பம்."

"அப்ப நீ கீறித் தா," என்றார் அப்பா.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மாமா வாயால் வந்த முழு வசனங்கள் அவை. அம்மா குசினிக்குள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிலுவை போட்டதை நான் கண்டேன்.

என் கணக்குக் கொப்பியின் கட்டம் போட்ட தாளில் கீறினார். பென்சிலைப் பிளேட்டால் சீவுவார், ஊசி மாதிரி வரும். ஆறு கால், நாலுக்கு நாலு இஞ்சி மரம். நீளச் சட்டம் வந்து குந்துகிற இடத்தில் காலைப் படி மாதிரி வெட்டவேண்டும் என்றார். அப்பாவுக்கு அது வீண்வேலை.

"இரண்டு பெரிய போல்ட் போட்டு இறுக்கினா முடிஞ்சுதே!"

"போல்ட்டில பாரம் தொங்கக் கூடாது அத்தான். மரத்துக்கு மேல மரம் இருக்கவேணும். போல்ட் சும்மா கையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கட்டும்."

"யானையை ஏத்தப்போறியோ மச்சான்?"

"யானை எண்டா களைச்சு இறங்கிப் போயிடும். தண்ணி இறங்காது. இருபத்திநாலு மணித்தியாலமும் நிக்கும்."

கார் நிற்கிற கூரைக்குக் கீழே மூன்று சனிக்கிழமை. தகரத்தில் மழை. வாள் இழுக்கிற சத்தம், இடையில் அப்பாவின் இருமல், அம்மா கொண்டுவந்து வைக்கிற இஞ்சித் தேத்தண்ணி. மரத்தூள் ஈரத்தில் ஒட்டி என் சப்பாத்தெல்லாம் மாப் பூசின மாதிரி இருக்கும். மாமா மூலைமட்டத்தை வைத்து வைத்துப் பார்ப்பார். மயிரளவு வெளிச்சம் தெரிந்தாலும் "இல்லை அத்தான், கழட்டுங்கோ" என்பார். அப்பா கண்டபடி பேசிக்கொண்டு கழற்றுவார். பக்கவாட்டில் ஆடாமல் இருக்கப் பின்னால் குறுக்குக் கட்டை. மேலே தடித்த பிளைவுட், அதற்கு மேலே ஒரு விரல் மொத்தத்தில் ரெஜிபோம் என்கிற மெத்தென்ற வெள்ளை அட்டை, கண்ணாடி ஒரே அளவாக அமரவேண்டுமென்று. முடிந்ததும் அப்பா ஏறிக் குதித்தார். அம்மாவையும் என்னையும் ஏற்றினார். மாமா பிடித்து உலுப்பினார். அது கோயில் பீடம் மாதிரி நின்றது. மாமாவின் வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

மேசையை ஹோலின் நடுப்பக்கமாக, யன்னலுக்கு எதிரே வைத்தார்கள். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தா.

"அதிலயோ வைக்கப்போறீங்கள்? அந்த இடம் ஆடுமே."

"அக்கா, இது ஆடாது. குதிச்சுப் பாத்தாச்சு."

"உன்ர மேசையைச் சொல்லேல்ல. தரையைச் சொல்லுறன். நான் ஒவ்வொரு நாளும் அதில முழங்காலில நிக்கிறனான். பிள்ளை குறுக்கால ஓடினா என்ர முழங்கால் எழும்பி இறங்கும்."

"தரை எப்படி அக்கா ஆடும்? தரை தரைதான்."

"செபத்தில நித்திரை தூங்கினா எல்லாம்தான் ஆடும்," என்றார் அப்பா.

எல்லாரும் சிரித்தோம். அம்மாவும் சிரித்துவிட்டுக் குசினிக்குப் போனா.

என் வயதுக்காரரே, இது எங்கட சனம்தான் விடுகிற பிழை. எங்களுக்குத் தரை என்றால் நிலம். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கி மேலே சீமெந்து பூசினால் அது வீட்டுத் தரை. அதற்குக் கீழே ஒன்றும் இருக்கும் என்று யாரும் யோசித்ததில்லை. இங்கே வீடு குட்டைத் தூண்களில் நிற்கிறது. தரை என்றது பலகை, பலகைக்குக் கீழே குறுக்குச் சட்டம், அதற்குக் கீழே வெறும் இருட்டு. எல்லாவற்றையும் கார்பெட் மூடியிருக்கிறது. பாலம் போடுமுன் மண்ணைத் தோண்டிப் பார்த்த மனிதர், ஒரு வருடம் அந்தக் கார்பெட்டில் நடந்தும் கீழே என்ன என்று கேட்கவில்லை. அம்மாவின் முழங்காலுக்கு மட்டும் தெரிந்திருந்தது.

வெறும் தொட்டியை அப்பாவின் கிடங்கு நண்பர்கள் வந்து தூக்கி வைத்துவிட்டுப் போனார்கள். சனிக்கிழமை மத்தியானம் யன்னலால் குழாயை விட்டுத் தண்ணீர் திறந்தோம். அதுவரை வாளிகளில் விட்டிருந்த மீனைக் கிழவர் ஞாயிறு பின்னேரம் கொண்டுவருவார். செவ்வாய் அவருக்குப் பயணம். அதற்குள் சரிவராவிட்டால் மீனை எடுக்க வேறு ஒருவர் இருக்கிறார் என்று சொல்லியிருந்தார். கண்ணாடியில் தண்ணீர் ஏறுகிற சத்தம் முதலில் மழை மாதிரி, பிறகு யாரோ தொண்டை கனைக்கிற மாதிரி. கண்ணாடி வெளியே வேர்த்தது. நான் அதில் விரலால் மீன் கீறினேன்.

பாதிக்கு மேல் வந்தபோது அம்மா கூப்பிட்டா. "குசினிக் கதவு பூட்டுதில்லை." யாரும் எழும்பவில்லை. கொஞ்ச நேரத்தால் நான், "மாமா, தண்ணி சரிஞ்சு நிக்குது" என்றேன். மாமா கிட்ட வந்து பார்த்தார். ஒரு பக்கம் இரண்டு விரல் உயரம், மற்றப் பக்கம் பதிந்து நின்றது. மேசையின் ஒவ்வொரு பொருத்தையும் தடவிப் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை, ஒன்றும் விலகவில்லை. மேசை சரியாகத்தான் இருந்தது. அப்போது காலுக்குக் கீழே இருந்து ஒரு சத்தம் வந்தது. வயது போனவர் கதிரையில் இருந்து எழும்பும்போது முனகுகிற மாதிரி, நீளமாக.

"தண்ணியை நிப்பாட்டு!"

மாமா கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. குழாயைத் தொட்டிக்குள் விட்டு, உறிஞ்சி, தண்ணீர் முழுவதையும் திரும்பத் தோட்டத்துக்கே விட்டார்கள். மழையோடு மழையாகப் போனது. கடைசி வாளித் தண்ணீரை அப்பா அள்ளி ஊற்றும்வரை மாமா நின்றார். பிறகு சொன்னார்:

"அந்தக் கடிதம் எழுதினவன் பிழையா எழுதேல்ல அத்தான்."

யன்னலடிக்குப் போய்விட்டார். அப்பா, "விடு மச்சான், மீன்தானே" என்றார். நல்லதுக்குத்தான் சொன்னார். அதைவிட ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

ஞாயிறு பூசையால் வந்ததும் அம்மா சாறிகூட மாற்றவில்லை. அப்பாவின் வேலை ஓவரோலையும் ஒரு டோர்ச்சையும் கொண்டுபோய் மாமாவின் மடியில் வைத்தா.

"வீட்டுக்குக் கீழ ஒருக்கா இறங்கிப் பாத்திட்டு வா."

"என்னத்தைப் பாக்க?"

"எனக்கென்ன தெரியும்? என்ர முழங்காலுக்குத் தரையின்ர மேல் பக்கம்தான் தெரியும். கீழ் பக்கம் நீதான் பாக்கவேணும்."

"விடு அக்கா."

"நீ இறங்காட்டி நான் இந்தச் சாறியோட இறங்குவன். பிறகு சனம் உன்னைத்தான் கேக்கும்."

மாமா எழும்பினார். வீட்டின் பக்கச் சுவரில் நாய் நுழைகிற அளவில் ஒரு பலகைக் கதவு இருந்தது. அதைத் திறந்தால் காய்ந்த மண், பூஞ்சணம், பழைய பேப்பர் எல்லாம் கலந்த ஒரு குளிர் வாசம். மாமா வயிற்றால் ஊர்ந்து உள்ளே போனார். சப்பாத்து கடைசியாக மறைந்தது.

நாங்கள் ஹோலுக்கு ஓடினோம். கொஞ்ச நேரத்தால் காலடியில் இருந்து குரல் வந்தது.

"அக்கா! ஆடுற இடத்தில தட்டு!"

அம்மா அகப்பைக் காம்பால் தட்டினா.

"விளங்குது! இதில ஒரே ஒரு சட்டம்தான் அக்கா, மேசை நிக்கிற நீட்டுக்கே போகுது. ஒரு தொன்னையும் நான் இந்த ஒண்டுக்கு மேலதான் ஏத்தியிருக்கிறன்! எங்க நல்ல உறுதி?"

"சுவாமித் தட்டடியில. அதில கல்லில நிக்கிற மாதிரி இருக்கும்."

"போய்த் தட்டு!"

தட்டினா. கீழே உரசல், இருமல், பிறகு ஒன்றும் இல்லை. அம்மாவின் உதடு செபம் சொல்லிக்கொண்டிருந்தது.

"ஓம்! ஓம் அக்கா! இதுக்குக் கீழ பெரிய உத்தரம், தூண் வரிசையா நிக்குது! சட்டம் எல்லாம் குறுக்கால வந்து இதிலதான் இருக்குது!"

பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. மாமா வெளியே வந்தது ஒன்றரை மணித்தியாலத்துக்குப் பிறகு. என்ன செய்கிறார் என்று நான் கார்பெட்டில் காதை வைத்துக் கேட்டேன். தனக்குள் இலக்கம் சொல்லிக்கொண்டு ஒவ்வொரு தூணாகப் போய்க்கொண்டிருந்தார்.

வந்தபோது தலையெல்லாம் சிலந்தி வலை, முழங்காலில் கிழிசல். யாரோ ஒரு பிள்ளை எந்தக் காலத்திலோ தொலைத்த நீலக் கண்ணாடி மாபிள் ஒன்றை என் கையில் வைத்தார்.

"அக்கா, நான் கணக்கைத் தரையோட நிப்பாட்டிட்டன். பாரம் அதில நிக்காது. மண் வரைக்கும் இறங்கிப் போகும். மண்ணில போய்ச் சேருமட்டும் நாங்கள் அதுக்குப் பின்னால போகவேணும்."

இப்போது ஒரு சிக்கல். அந்த உறுதியான சுவரடியில்தான் எங்கள் சுவாமித் தட்டு. திருஇருதய ஆண்டவர் படம், மாதா சுருவம், விளக்கு. அதை எடு என்று சொல்ல அப்பாவுக்கும் வாய் வரவில்லை, மாமாவுக்கும் வரவில்லை. இரண்டு பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா முன்னால் போய், மாதாவின் காலை முத்தமிட்டு, சுருவத்தைக் குழந்தை மாதிரித் தூக்கிக்கொண்டு எதிர்ச் சுவருக்கு நடந்தா.

"ஏன் பாத்துக்கொண்டு நிக்கிறீங்கள்? மாதா எந்தத் தட்டிலயும் நிப்பா. தண்ணி நிக்காது. தூக்குங்கோ!"

கிடங்கு நண்பர்கள் திரும்ப வந்து தொட்டியை மாற்றி வைக்க, இந்த முறை தண்ணீர் விளிம்புவரை வந்தது. நேராக நின்றது. குசினிக் கதவு பூட்டியது, திறந்தது. மாமா மூன்று தரம் பூட்டித் திறந்து பார்த்தார். தண்ணீர் ஒரு நாள் நிற்கவேண்டும் என்று கிழவர் மீனைத் திங்கள் பின்னேரம்தான் வாளிகளில் கொண்டுவந்து விட்டார். மேசையை இடுப்பால் இடித்துப் பார்த்தார். ஆர் செய்தது என்று கேட்டார். அப்பா மாமாவைக் காட்டினார், மாமா அம்மாவைக் காட்டினார். கதை முழுவதையும் கேட்ட கிழவர், "ஒன்றரை மணித்தியாலம் கீழே கிடந்தாயா? உனக்கு அருவருப்பாக இல்லையா?" என்றார்.

"இல்லை," என்றார் மாமா. "மேலே இருக்கிற வீட்டை அங்கே இருந்துதான் ஒழுங்காகப் பார்க்கலாம்."

பழைய வீடுகளுக்குத் தூண் மாற்றுகிற ஒருவரைக் கிழவருக்குத் தெரியும். ஊர்ந்து போக ஆள் கிடைக்காமல் அலைகிறாராம். நம்பரை எழுதிக் கொடுத்தார். மாமா அடுத்த கிழமையே கிடங்கை விட்டுவிட்டு அந்த வேலைக்குப் போய்விட்டார்.

அம்மா அழுத அழுகை! "கீழ போய்ப் பார் எண்டு நான்தான் சொன்னன். அங்கயே போய் இருப்பான் எண்டு நினைக்கேல்லையே." கிடங்கு வேலையாவது நின்றுகொண்டு செய்வது என்பது அம்மாவின் கணக்கு. கோயிலில் ஒரு அக்கா கேட்டா, "எஞ்சினியர் இப்ப வீட்டுக்குக் கீழ ஊருறாராமே?" அம்மா சிரித்துச் சமாளித்துவிட்டுக் காருக்குள் வந்து சீலைத் தலைப்பைக் கடித்தா. நானும் சரியில்லை. பள்ளிக்கூட வாசலில் காதில் மண்ணோடு மாமா நின்ற நாளில், தெரியாத ஆளுக்கு முன்னால் போகிற மாதிரிப் பத்தடி முன்னால் நடந்தேன். ஆண்டவர் மன்னிக்கட்டும். மாமா எட்டி நடந்து பக்கத்தில் வந்தார். வழியில் ஒரு வீட்டைக் காட்டி, "இதுக்கு முன் பக்கம் இறங்குது, படியைப் பார்" என்றார்.

அந்த வேலையை அவர் இருபது வருடத்துக்கு மேல் செய்தார், பிற்காலத்தில் சொந்தமாக. நாங்கள் எல்லாரும் அவர் விழுந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு அவருக்காகச் செபித்தோம். அம்மா அதே வசனத்தைத்தான் சொன்னா, எழுப்பிவிடும் என்று. கேட்டது கிடைத்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று இப்போது விளங்குகிறது.

அந்த வேலைக்குப் போன முதல் கிழமை முடிந்த வெள்ளிக்கிழமை. மாமா குளித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையடியில் இருந்தார். நகத்துக்குள் மண் போகவில்லை. அம்மா முகத்தைப் பார்க்காமல் சோறும் பருப்பும் கத்தரிக்காயும் போட்டா.

"அக்கா, இண்டைக்கு ஒரு வீட்டைத் தூக்கினனாங்கள்."

அம்மா இன்னொரு அகப்பை பருப்பை அள்ளி ஊற்றினா.

"முழு வீடு. கூரையோட."

"எவ்வளவு தூக்கினீங்கள்?" என்றார் அப்பா.

"அரை இஞ்சி."

"அரை இஞ்சிக்கோ இவ்வளவு ஊத்தை?" என்றா அம்மா, சுவரைப் பார்த்து.

"உள்ளுக்குள்ள ஒரு வயசுபோன அம்மா தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தவ. வீடு எழும்பினது அவவுக்குத் தெரியாது. கோப்பை ஆடேல்ல."

அம்மாவின் அகப்பை நின்றது. "நீங்கள் கீழ இருந்தது அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது."

"கோப்பை ஆடாமல் எப்படித் தூக்கிறது?"

மாமா சொல்லத் தொடங்கினார். வீடு தூக்குகிற ஜக்கை எங்கெங்கே வைக்கிறது, ஒன்றை முந்தித் திருகினால் மற்ற மூலையில் என்ன வெடிக்கும், தூண் ஏன் முதலில் இறங்கினது, மழைத் தண்ணீர் எந்தப் பக்கத்தால் வந்தது. இடது கையால் கோப்பை, கரண்டி, உப்புப் போத்தல் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி வைத்துக் காட்டினார். அப்பா குறுக்கே கேட்டார், மாமா "இல்லை அத்தான், பொறுங்கோ" என்றார். சொல்லிக்கொண்டே போனார். பிசைந்த சோறு பிசைந்தபடி சோற்றுக் கோப்பையில் கிடந்தது, வலது கையில் பருப்பு காய்ந்து வெள்ளையாக உரிந்தது. கை காயக் காய இருந்து கதைத்தால் எங்கள் வீட்டில் பேச்சு விழும், எழும்பிக் கழுவு என்று. அம்மா கழுவச் சொல்லவில்லை. கதிரையை இழுத்து முன்னால் இருந்து, "பிறகு?" என்றா.